சிபாப் மிஷினுக்கு பில்டரை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: தூக்கத்தில் மூச்சு தடைப்படாமல் இருக்க மாஸ்க்கோடு மாட்டிக்கொள்கிற சிபாப் மிஷினுக்கான காற்று பில்டர் எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. பஞ்சோ துணியோ வாங்கி நாமே வெட்டிப் போட்டுக்கொள்ளலாமா? எதை வாங்குவது?

நான் வெட்டித்தான் போடுகிறேன். நாலு வருஷமாக, ஆனால் தை, மாசி இரண்டு மாதம் மட்டும். மற்ற மாதங்களில் கடையில் வாங்கியதுதான். ஏன் இப்படி ஒரு கணக்கு என்று கேட்டால் என் வீடு இருக்கிற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மன்னார்குடியில் எனக்கு சீட் கவர், குஷன் கடை. வீடு ஊருக்கு வெளியே. வாசலில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் நேரடி நெல் கொள்முதல் நிலையம். பொங்கல் கழிந்ததும் சம்பாவும் தாளடியும் வந்து குவியும். தூற்றுகிற மிஷின் காலையில் ஓட ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம்வரை ஓடும். பதர் ஒரு பக்கம் பறக்கும், சுணை ஒரு பக்கம் பறக்கும். கொடியில் காய்கிற சட்டையை உதறாமல் போட்டால் அன்றைக்கு முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

என்னுடையது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10. பில்டரை மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றவும், துவைத்துப் போடக்கூடாது என்று அதன் கையேட்டில் இருக்கிறது. ஆறு மாதம் என்பதை எந்த ஊர் வீட்டை நினைத்து எழுதினார்களோ. மிஷின் வாங்கிய முதல் தை மாதத்தில், புதுசு போட்ட பதினோராம் நாள் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பஞ்சு சாணி மெழுகின தரை மாதிரி இருந்தது. (அழுக்கு அடைத்தால் முன்னாலேயே மாற்று என்றும் கையேட்டில் போட்டிருக்கிறது. அந்த வரியை அப்போதுதான் படித்தேன்.)

மிஷின் கொடுத்த டீலருக்கு போன் போட்டால், "ஸ்டாக் இல்ல சார், அடுத்த வாரம் வந்துரும்." அந்த அடுத்த வாரம் வருவதற்கு மூன்று வாரம் ஆனது. வந்ததோ வேறு மாடலுக்கான பில்டர். அப்போதுதான் கடையில் கிடக்கிற சரக்கின் மேல் கண் போனது. குஷன்காரன் வீட்டில் பஞ்சுக்கா பஞ்சம்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உள்ளே இருப்பது ஒரு சின்ன மோட்டாரும் காற்றாடியும்தான். 1981இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இந்த வைத்தியத்தை உலகத்துக்குச் சொன்னபோது, வாக்யூம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் ஆரம்ப மிஷின்களைக் கட்டினார்கள். இன்றைக்கு அது கைக்கு அடக்கமாகிவிட்டது, வேலை அதேதான்: அறைக் காற்றை இழுத்து, அழுத்தி, மூக்குக்கு அனுப்புவது. நாம் மூச்சில் இழுப்பது கொஞ்சம்தான். மாஸ்க்கில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக வேண்டுமென்றே வெளியே விடுகிற காற்றுதான் அதிகம். இரண்டையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 40 லிட்டர் அளவில் வரும். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 19,000 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் பத்தொன்பது. அவ்வளவும் தீப்பெட்டி அகலத்துக்கு இருக்கிற ஒரு பஞ்சுத் துண்டு வழியாகப் போக வேண்டும். பில்டர் விஷயத்தில் எல்லாத் தப்பும் இதை மறப்பதால்தான் வருகிறது. நானும் மறந்தேன்.

கொரோனா காலத்து என்95 மாஸ்க் ஒரு பெட்டி வீட்டில் இருந்தது. அதைவிட நல்ல பில்டர் உலகத்தில் உண்டா என்று ஒன்றைப் பிரித்து, நடு அடுக்கை வெட்டிப் போட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு மிஷின் கொசு ரீங்கரிக்கிற மாதிரி கத்துகிறது. வீட்டுக்காரம்மா எழுந்து உட்கார்ந்து, "ஏங்க, காப்பிப் பொடிய நைஸா அரைச்சுட்டா டிகாக்ஷன் எறங்குமா? அதே கதைதான் இது" என்றாள். இதைவிடச் சரியாக எந்த இன்ஜினியரும் சொல்லியிருக்க மாட்டார். அந்த மாஸ்க்கை நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்று விட்டுத்தான் சோதிக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே அந்தக் காற்று முகத்தை மூடுகிற அகலம் முழுக்கப் பரவிப் போகிறது. நான் அதைத் தீப்பெட்டிக்குள் திணித்திருந்தேன்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலையில் ஸ்கிரீனில் வந்த ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்ற எண் வழக்கம்போலத்தான் இருந்தது. காற்றாடியைத் தாண்டி வருகிற அழுத்தத்தைத்தான் மிஷின் பார்க்கிறது. முன்னால் அடைத்தால் மோட்டாரை வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடும், முடிகிறவரைக்கும். அதனால் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, பில்டரும் சரிதான் என்று முடிவு கட்டாதீர்கள். காதை நம்புங்கள்.

அடுத்து ஸ்பாஞ்ச். மீன் தொட்டிக்குப் போடுகிற ஸ்பாஞ்சை வெட்டிப் போட்டேன் என்று சிலர் சொல்வார்கள். இருபது வருஷமாக ஸ்பாஞ்சோடு புழங்குகிறவன் சொல்கிறேன், அதைத் தொடாதீர்கள். பழைய பைக் சீட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? வெயில், மழை, வேர்வை எல்லாம் பட்ட ஸ்பாஞ்ச் விரலால் தொட்டால் மாவாக உதிரும். நம்ம ஊர் ஐப்பசி ஈரத்தில் அது இன்னும் சீக்கிரம் கெடும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான சிபாப், பைபாப் (மூச்சை இழுக்க ஒன்று, விட ஒன்று என்று இரண்டு அழுத்தம் கொடுக்கிற ரகம்) மிஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது இதே சங்கதிக்குத்தான். அங்கே கெட்டது பில்டர் இல்லை, சத்தம் குறைப்பதற்காக மிஷினுக்குள் வைத்திருந்த பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச். அது நைந்து துகளாகி, காற்றோடு சேர்ந்து மூக்குக்குப் போகலாம் என்பதுதான் பயம். ஒரு பெரிய கம்பெனி தேர்ந்தெடுத்த ஸ்பாஞ்சுக்கே அந்த கதி என்றால், மீன் கடை ஸ்பாஞ்சுக்கு யார் உத்தரவாதம்? கழுவிப் போடுகிற பில்டரைக் கம்பெனியே கொடுக்கிற மாடல்கள் உண்டு, அவற்றை நான் சொல்லவில்லை.

கைக்குட்டை, வேட்டித் துணி, காடா எதுவும் வேண்டாம். பருத்தி நூல் பிசிறு விடும், அந்தப் பிசிறு நேராகக் காற்றாடிக்குப் போகும். ஈரம் குடித்து மக்கு வாடையும் அடிக்கும். தலையணைக்கு அடைக்கிற ரெக்ரான் பஞ்சு என் கடையிலேயே மூட்டை மூட்டையாக இருக்கிறது, ஆனாலும் அதைப் போடவில்லை. உதிரி இழை, பல ரகங்களில் வழுவழுப்புக்காக சிலிகான் பூசியிருப்பார்கள். கண்ணாடி இழை பில்டர் பக்கமே போகாதீர்கள்.

பிறகு எது? அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கடைக்கு சீட் தைக்க வந்த ஒரு ஏசி மெக்கானிக் தம்பி. பழைய பில்டரைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நாங்க மண்டபத்து ஏசிக்குப் போடுற பேடு மாதிரில்ல இருக்கு" என்றான். கல்யாண மண்டபம், பெரிய ஜவுளிக்கடை மாதிரி இடங்களில் குழாய் ஏசிக்கு வெள்ளைப் பாலியஸ்டர் பேடு போடுவார்கள். நெய்யாத துணி, சுருளாக வரும். கடைக்காரர்கள் ஜி3, ஜி4 என்று சொல்வார்கள். எண் கூடினால் நுண்மை கூடும்.

அன்று ராத்திரி கையேட்டின் கடைசிப் பக்கங்களைப் படித்தேன். என் மிஷினின் சாதாரண பில்டரும் பாலியஸ்டர் இழைதான். 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தூசியில் சராசரியாக 75 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது நாம் நினைக்கிற அளவுக்கு அது ஒன்றும் நுண்ணிய சல்லடை கிடையாது. சுணை, உமித்தூள், ரோட்டு மண் ஆகியவற்றைத் தடுக்கிற முரட்டுப் பில்டர். அதனால்தான் அதைக் கையால் வெட்டி ஈடுகட்ட முடிகிறது. ஒவ்வாமைக்காரர்களுக்கு இன்னொரு நுண் பில்டர் விற்கிறார்கள். அது அரை மைக்ரான் தூசியிலேயே 80 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். அதை நீங்களும் நானும் கத்தரியை வைத்துச் செய்ய முடியாது. தூசு அலர்ஜி, இழுப்பு உள்ளவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

தம்பி கொடுத்த துண்டு தீர்ந்ததும் திருச்சியில் ஜி3 ஒரு சதுர மீட்டர் 180 ரூபாய்க்கு வாங்கினேன். முன்னூறு துண்டுக்கு மேல் வரும், என் ஆயுசுக்குத் தீராது. வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள், ஒட்டினால் வேண்டாம். கார் பெயின்ட் அடிக்கிற அறைக்கான பேடில் தூசு ஒட்டுவதற்காகவே பசை தடவியிருப்பார்கள், பார்க்க இதே மாதிரி இருக்கும். வாடை அடித்தாலும் வேண்டாம். கறுப்புத் துணி மேல் வைத்து நாலு தட்டுத் தட்டினால் இழை கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

வெட்டுவதில்தான் என் தொழில் கை கொடுத்தது. கத்தரி கூடாது. கத்தரி பஞ்சை நசுக்கிக்கொண்டே வெட்டும், ஓரம் சரிவாகிவிடும். புது பில்டர் ஒன்றை அட்டையில் வைத்து அச்சு எடுங்கள், சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் கூட்டுங்கள். அச்சை பேடு மேல் அழுத்திப் பிடித்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுங்கள். அளவு குறைந்தால் ஓரத்து இடைவெளியில் காற்று புகுந்துவிடும், பில்டர் இருந்தும் இல்லாத கணக்குத்தான். ரொம்பக் கூடினால் நடுவில் புடைத்து மூடி சரியாக மூடாது. ஓரத்தை நெருப்பில் காட்டி உருக்கலாமே என்று எங்கள் கடைப் பையன் யோசனை சொன்னான். நைலான் நாடாவுக்குச் செய்கிற வேலை அது. இங்கே செய்தால் ஓரம் கல்லாகி, மூடியோடு படியாமல் சந்து விடும்.

பேடுக்கு இரண்டு முகம் உண்டு. ஒன்று புசுபுசுவென்று இருக்கும், மற்றது படிந்து இறுகியிருக்கும். புசுபுசு முகம் வெளியே, இறுகிய முகம் மிஷின் பக்கம். பெரிய தூசு மேலேயே தங்கி, சின்னது உள்ளே போய் மாட்டும். திருப்பிப் போட்டால் மேல்பரப்பு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

தடிமன் அசல் பில்டரை ஒத்திருக்கட்டும். போட்டதும் பகலில் மாஸ்க்கை மாட்டி அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். அசல் போட்டபோது வந்த சத்தத்தைவிட ஒரு பொட்டு கூடினாலும் எடுத்துவிடுங்கள். அறுவடைக் காலத்தில் வாரம் ஒரு துண்டு, அழுக்கைத் துவைக்காமல் குப்பைக்கு.

காசு மிச்சம் என்று நினைத்து இதில் இறங்காதீர்கள். இப்போது இணையத்தில் இந்த மாடலுக்குப் பொருந்துகிற பில்டர் பத்து 450 ரூபாய்க்கு வருகிறது, நான் போன மாதம் வாங்கினேன். ஆறு மாதத்துக்கு ஒன்று போதும் என்கிற வீட்டில் வெட்டி ஒட்டுகிற வேலையே வேண்டாம். வாரண்டி காலத்தில் இருக்கிற மிஷினுக்கும் வேண்டாம், சொந்த பில்டர் போட்டது தெரிந்தால் கை விரித்துவிடுவார்கள். வீட்டில் இருப்பது வெண்டிலேட்டர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்றாலோ, நுரையீரல் நோய்க்காக பைபாப் போடுகிறவர் என்றாலோ, இந்தப் பதிலை மறந்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

ஒன்று பாக்கி. எதைப் போட்டாலும் புகையை இது பிடிக்காது. கொசுவர்த்திப் புகைத் துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே. மேலே சொன்ன 7 மைக்ரான் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி, பக்கத்திலேயே மிஷினையும் வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் தூங்கியிருக்கிறேன். டேங்க் டேங்காகப் புகையை அழுத்தி மூக்குக்குள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். காலை இருமலுக்கு நெல் தூசுதான் காரணம் என்று கொள்முதல் நிலையத்தைத் திட்டிக்கொண்டும் இருந்தேன். இப்போது கொசுவலை. மிஷினைத் தரையிலிருந்து ஸ்டூலுக்கு ஏற்றி, ரோட்டுப் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி, திரைச்சீலை படாமல் வைத்திருக்கிறேன். சாம்பிராணி போடுகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்காரம்மா அந்த அறைக் கதவைச் சாத்திவிடுகிறாள். இடம் மாற்றிய பிறகு தை மாதத்திலும் ஒரு துண்டு பத்து நாள் தாங்குகிறது.

உங்கள் மிஷின் என்ன மாடல் என்று நீங்கள் சொல்லவில்லை. மன்னார்குடி பக்கம் வந்தால் பழைய பில்டரைத் தூக்கிப் போடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், அச்சு எடுத்து நாலு துண்டு அறுத்துத் தருகிறேன். பேடு சும்மாதான் சுருட்டிக் கிடக்கிறது.