புதிதாகச் சேர்ந்தவர்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

புதிய அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. யாரும் மோசமாக நடத்துவதில்லை. ஆனால், எனக்கு முன்பே வேலையை விட்டுப் போன யாரையோ பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள். புரியாமலே நானும் சிரித்து வைக்கிறேன். வேலை அதிகமில்லை, ஆனாலும் மாலையில் அசந்துபோகிறேன். இவர்களைப் போல மாறிவிடுவதா, தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தச் சிரிப்பை விடுங்கள். "யார் அவர்?" என்று கேளுங்கள். புரிந்த மாதிரி சிரிக்கிறவருக்கு யாரும் கதையைச் சொல்ல மாட்டார்கள்.

அசதிக்குக் காரணம் இருக்கிறது. வியன்னாவிலிருந்து வெளியேறி 1939இல் நியூயார்க் வந்து சேர்ந்த ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியலாளர், புதிதாக வருகிறவரைப் பற்றி 1944இல் ஒரு கட்டுரை எழுதினார். பழையவர்கள் யோசிக்காமலே செய்வதை எல்லாம் புதியவர் யோசித்து யோசித்துத்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்கிறார். யாரிடம் எப்போது பேசலாம், யார் சொல்லும் "சரி" உண்மையிலேயே சரி என்பதைக்கூட நீங்கள் நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறீர்கள். அதுவும் உழைப்புதான்.

மாறவும் வேண்டாம், சும்மா காத்திருக்கவும் வேண்டாம். ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைக் கவனித்தார். அங்கே பழகுகிறவர் முதலில் பொத்தான் வைக்கிறார், ஓரம் மடித்துத் தைக்கிறார். அப்புறம்தான் முழுத் தையல். துணி வெட்டுவது கடைசியில். தப்பாக வெட்டினால் துணியே போய்விடும், பொத்தானைப் பிரித்துத் திரும்ப வைக்கலாம். ஆனால் அவர் பொத்தான் வைப்பது யாரோ உடுத்தப்போகிற உடுப்பில். முதல் நாளிலிருந்தே அவருடைய வேலை அந்தக் கடைக்கு வேண்டியிருக்கிறது.

அப்படி ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதாகக்கூட இருக்கட்டும். எழுதியதை அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பழைய முடிவுகள், பழைய சண்டைகள், போனவர்களின் பெயர்கள் எல்லாம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

இதைப் படிக்கும் பழையவர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. "ஏதாவது வேண்டுமென்றால் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என்ன கேட்பது என்பதே புதியவருக்குத் தெரியாதே! பக்கத்தில் உட்காரவைத்து, கையிலிருக்கும் வேலையில் ஒரு பங்கைக் கொடுங்கள்.

நீங்கள் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. அப்போது மறுபடி எழுதுங்கள், அங்கே நீடிப்பதா என்பதைப் பேசலாம்.