நடைபாதையிலிருந்து வாரிய வீட்டுக்கு: முதலில் என்ன பொருள்? (கேள்வி பதில்)

சென்னை நடைபாதைக் குடும்பங்களுக்குப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடு கிடைத்ததும் பொருள் வாங்கித் தர நினைப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: நாலு பேர் குடும்பம். எதிலிருந்து தொடங்குவது, சார்?

பதில்: சாவி கைக்கு வந்த அன்றே சமைக்கவும் படுக்கவும் பூட்டவும் முடியணும். முதல் ராத்திரியே வெறுந்தரை, கடைச்சோறு என்றால் கால் பழைய இடத்துக்கே போகும். வீடு பூட்டிக் கிடக்கும். வாரிய ஆய்வில் ஆள் இல்லை என்று எழுதினால் ஒதுக்கீட்டுக்கே ஆபத்து. அதனால் முதலில் இவை: இரட்டை பர்னர் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், குண்டான், தோசைக்கல், 4 தட்டு, 4 டம்ளர். ஆளுக்கொரு பாய், தலையணை, போர்வை. கொசுவலை. 2 குடம், மூடி போட்ட டிரம். நல்ல பூட்டு. ரேஷன் கார்டும் ஒதுக்கீட்டு ஆணையும் வைக்க ஒரு டிரங்குப் பெட்டி.

டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உள்பக்கம் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

கேள்வி: அடுப்பைத் தரையிலேயே வைக்கிறார்களே?

பதில்: உட்கார்ந்து சமைத்த பழக்கம். சிலிண்டர் தரையில் நிமிர்ந்து நிற்கணும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கணும். கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். மேடை இல்லையென்றால், கட்டில் வாங்கும் முன்பே அடுப்பு வைக்க மேசை வாங்குங்கள்.

கேள்வி: பழைய மெத்தை கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தையல் மடிப்பில் மூட்டைப்பூச்சி இருந்தால் வீடு முழுக்கப் பரவும், குடும்பம் வராந்தாவில் படுக்கும். மரக்கட்டிலின் இடுக்கும் அப்படித்தான். போல்ட் கழற்றி மாட்டும் இரும்புக் கட்டில் வாங்குங்கள். லிப்ட் ஓடாத நாளில் மாடியேற்றவும் சுலபம்.

கேள்வி: பேன் எது?

பதில்: 75 வாட் பேன் தினம் 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் 28 வாட் பிஎல்டிசி பேன் என்றால் 17. இலவச மின்சாரத்துக்கு யூனிட் வரம்பு உண்டு, கணக்குப் போடுங்கள்.

கேள்வி: பிழைப்பு பிராட்வேயில், வீடு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு அப்பால். கட்டில் கொடுத்தால் தங்கிவிடுவார்களா?

பதில்: அதனால் மட்டும் தங்க மாட்டார்கள். வேலைக்குப் பாத்திரமும் பாயும் ஈடாகாது; பஸ்ஸுக்கும் பக்கத்தில் வேலைக்கும் தனியாகப் போராடத்தான் வேண்டும். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் களைத்து வருகிறவருக்கு அடுப்பும் பாயும் இருந்தால் நாளைக்கும் திரும்பி வருவார். இல்லையென்றால் வேலை செய்யும் இடத்திலேயே படுத்துவிடுவார்.

அவரே: அப்படியானால் பணமாகவே கொடுத்துவிடலாமே!

பதில்: குடியேறும் நாளில் கையில் வரும் பணம் குட்டியானை வண்டி வாடகைக்கும் பழைய கடனுக்கும் போய்விடும். அதனால் முதல் நாளுக்குப் பொருள், அடுத்த மாதத்துக்குப் பணம். பொருளையும் நீங்களே பொறுக்காதீர்கள். அந்த அம்மாவைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், அவர் எடுக்கட்டும், பில்லை நீங்கள் கட்டுங்கள்.

கேள்வி: டிவி தவணையில்?

பதில்: தவணையே வேண்டாம். வாரத் தவணைக்காரர் கதவைத் தட்டத் தொடங்கினால் வீட்டைப் பூட்டிவிட்டு ஒளிவார்கள்.

கேள்வி: மெத்தை வைத்த சோபா இருக்கிறது...

பதில்: மெத்தைக்குச் சொன்னதேதான். வேண்டாம்.

கேள்வி: வீடு ஒதுக்க யாரிடம் மனு?

பதில்: நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: தையல் மிஷின்?

பதில்: தைக்கத் தெரிந்தவருக்கு மட்டும். மற்றவர் வீட்டில் அது இடத்தைத்தான் அடைக்கும்.