ஜிம்னி, பிராடோ, மொன்டெரோ: திருகோணமலையிலுள்ள குடும்பத்துக்கு எது பொருந்தும்?

மாரியில் வெருகல் பக்கத்து வயற்பாதைகளுக்கும், அவ்வப்போது கொழும்புக்கும் ஐந்து பேருடன் சென்றுவர இந்த மூன்று ஜீப் வகை வாகனங்களில் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

2018இல் வெளிவந்த மூன்று கதவு ஜிம்னி சேற்றில் மிகத் திறமையானது. ஆனால் அதில் நால்வரே அமரலாம் என்பதால் உங்களுக்கு உதவாது.

மற்ற இரண்டுக்குமான வேறுபாடு வாகனத்தின் அடியில் இருக்கிறது. 2009 முதல் வந்த பிராடோவில் தனியான சேசிஸின் (வாகனத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின்) மேல் உடல் பொருத்தப்பட்டு, பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சால் இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது மற்றது கீழே அழுத்தப்பட்டு மண்ணைப் பற்றிக்கொள்ளும். 1999க்குப் பிந்திய மொன்டெரோவிலோ சேசிஸ் உடலுடனேயே இணைந்திருக்கிறது. பின்சக்கரங்கள் தனித்தனியே அசைவதால், நெடும்பயணத்தில் பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் குலுக்கம் குறைவு. இந்த ஒன்றுக்காகவே, உங்கள் தேவைக்கு மொன்டெரோவையே நான் பரிந்துரைப்பேன். மறுவிற்பனை விலையே முக்கியம் என்றால் பிராடோ நல்லது. ஏனெனில் மொன்டெரோவின் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது.

எதை வாங்கினாலும் துருவைக் கவனியுங்கள். நமது கடற்காற்று இரும்பை விடாது. உப்புவெளியில் நான் பார்த்த ஒரு வாகனத்தின் வண்ணம் கண்ணாடிபோல் மின்னியது; பின்சக்கரத்துக்கு அருகே திருப்புளியால் தட்டியதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. மொன்டெரோவில் அங்குள்ள சேசிஸ் உடலோடு ஒட்டியிருப்பதால் திருத்துவது கடினம். ஆகவே கராஜில் உயர்த்திப் பார்க்க விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.