நொய்யல் மீனில் ஈயம்: மாணவர் தந்த அறிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா?

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் நொய்யல் ஆற்றில் பரிசலில் போய் மீன் பிடிப்பவன் நான். கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் வாங்கிய ஜிலேபிக் கெண்டையைச் சோதித்து, ஈயம் அளவுக்கு மேல் இருப்பதாக எழுதித் தந்தார். அது பரவியதிலிருந்து வியாபாரிகள் என் மீனை வாங்குவதில்லை. நட்டஈடு கேட்க முடியுமா? இதுவரை விற்றதற்கு என் மேலேயே வழக்கு வருமா?

பதில்: உங்கள் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18(3) பிரிவு மீனவரின் தொழிலுக்கு விலக்கு அளிக்கிறது. மீன் வியாபாரியின் கைக்குப் போன பிறகே அந்தச் சட்டம் பேசும். ஆனால் கேடு என்று தெரிந்த பின்னும் விற்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 275ஆம் பிரிவு வரும். அறிக்கை கையில் இருக்கிறது. எனவே இனி விற்காதீர்கள்.

நட்டஈட்டுக்குச் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். தொழில் இழப்பும் அங்கே கேட்கக்கூடிய தலைப்புகளில் ஒன்று. மாணவரின் தாள் மட்டும் போதாது. "அந்த மீன் இந்த ஆற்று மீன்தான் என்பதற்கு என்ன சாட்சி?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் கேட்பார், நானே கேட்டிருப்பேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மீன்வளத் துறைக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து, நீர், வண்டல், மீன் மூன்றையும் எடுத்துச் சோதிக்கக் கேளுங்கள். ஏற்கெனவே உள்ள சோதனை முடிவுகளைப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். மீனில் ஈயத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், முடிவை அதோடு ஒப்பிடுங்கள்.

"ஆற்றைக் கெடுத்தது எந்தச் சாயப்பட்டறை என்று காட்டுங்கள்" என்பது அடுத்த வாதமாக வரும். பலர் சேர்ந்து கெடுத்திருந்தால் பொறுப்பைப் பங்கிட்டுச் சுமத்த பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. "2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதே, இப்போது கழிவு விடுவதில்லையே" என்றும் சொல்வார்கள். ஈயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. அது அணையின் வண்டலில் தங்கும். அடியில் மேய்கிற மீனுக்குள் ஏறும். வண்டல் சோதனையை நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நட்டஈடு கேட்கும் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் கெடு. வியாபாரி முதலில் மறுத்த தேதியை எழுதிவையுங்கள். விற்பனைச் சீட்டு இல்லாவிட்டால் அவருடைய கணக்கு நோட்டின் நகலைக் கேளுங்கள். கட்டணம், கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.

விற்காத மீன் வீட்டுக் குழம்புக்குப் போகிறதோ என்றும் கவலைப்படுகிறேன். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் ஈயம் போகாது. குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். மருத்துவரிடம் சொல்லி அவர்களுக்கு இரத்தத்தில் ஈய அளவு பாருங்கள். அந்த இரத்தச் சோதனை அறிக்கையையும் தீர்ப்பாய மனுவோடு இணைக்கலாம்.