ஹூரான் ஏரிக்கடியில் கிடைத்தது என்ன?

கேள்வி: அமெரிக்காவின் ஹூரான் ஏரிக்கு அடியில் 9,000 ஆண்டுப் பழைய நகரமும் மனித எலும்புகளும் கிடைத்தனவாமே, உண்மையா? குமரிக்கண்டத்துக்கு இது சான்றாகுமா?

நகரம் என்பது கட்டுக்கதை. அங்கே கிடைத்தது வேட்டைக்களம். என்னைக் கேட்டால், அதுதான் இன்னும் சுவையான செய்தி.

ஹூரான் நன்னீர் ஏரிதான். ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல் சுமார் 35 மடங்கு பெரியது. பனியுகம் முடிந்த பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் அதன் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்து கிடந்தது. அப்போது மிச்சிகனையும் கனடாவின் ஒன்டாரியோவையும் இணைத்து ஒரு தரைமேடு வெளியே தெரிந்தது. கரிபூ மான்கள் கூட்டங்கூட்டமாக அதன் வழியே வலசை போயின. இருபுறமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய பாதை. வேட்டைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

அங்கே மனிதர் அடுக்கிய கல்வரிசைகள் இருப்பதாக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஓஷே குழு 2009இல் அறிவித்தது. 2014இல் அவர்கள் விவரித்த ஓர் அமைப்பு 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட, மான்களை உள்ளே விரட்டும் சந்து, மறுமுனை அடைபட்டது, பக்கத்திலேயே ஆள் பதுங்கக் கல்மறைவுகள். ஆழம் 121 அடி. நம் வள்ளுவர் சிலையைப் பீடத்தோடு அங்கே இறக்கினால் தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

கற்கள் தாமாகவே வரிசையாகக் கிடக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம். போதாததற்கு அந்த ஏரியின் பாறைகளில் சிப்பி அப்பிக்கிடக்கிறது. பாறையில் சிப்பி மூடினால் எதுவும் அடையாளம் தெரியாது என்பதை எங்கள் கடற்கரையில் சிப்பி குளிக்கிறவர்கள் நன்றாகவே சொல்வார்கள். என் சந்தேகத்தைத் தீர்த்தவை சின்னஞ்சிறு கற்சில்லுகள். கருவியைச் செதுக்கும்போதும் கூர்தீட்டும்போதும் தெறிப்பவை அவை. மனிதக் கை படாமல் அப்படி விழாது. 2021இல் வெளியான ஆய்வில் இரண்டு சில்லுகள் எரிமலைக் கண்ணாடி. அவற்றின் வேதிக்கூறு சுமார் 4,000 கிலோமீட்டர் தொலைவில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் பகுதியோடு பொருந்துகிறது. கைமாறிக் கைமாறி வந்திருக்க வேண்டும்.

எலும்புகளா? இந்தக் கண்டுபிடிப்புகளில் மனித எலும்பு இல்லை. பக்கத்து சுப்பீரியர் ஏரியின் கதை கலந்துவிட்டது என்று நினைக்கிறேன். அங்கே 1975 நவம்பரில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மூழ்கி 29 பேரும் இறந்தார்கள்; ஓர் உடல்கூட மீட்கப்படவில்லை. ஆழத்தில் தண்ணீர் கடுங்குளிர். நுண்ணுயிரிகள் மந்தமாகிவிடுவதால் உடலில் வாயு சேராது, உடல் மிதக்காது.

இனிக் குமரிக்கண்டம். ஏரி வேறு, கண்டம் வேறு; இது அதற்குச் சான்று ஆகாது. ஆனாலும் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் தொழிலுக்குப் போகும் வாட்ஜ் பேங்க் என்ற கடலடி மேட்டின் ஆழம் குறைந்த பகுதிகள் அப்போது தரையாக இருந்திருக்கும். பிரிட்டனுக்குக் கிழக்கேயுள்ள வடகடலில் 1931இல் ஒரு இழுவைப் படகின் வலையில்தான் கொம்பால் செய்த ஈட்டிமுனை ஏறியது. மூழ்கிய நிலத்தில் மனிதர் வாழ்ந்ததை அது காட்டிக்கொடுத்தது. வலையில் ஏறும் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு எறியுங்கள் என்று என் சித்தப்பாவிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். “வலை கிழிந்தால் காசு நீ தருவாயா மக்கா?” என்று கேட்கிறார்.