டொக்டர் ஐயாவுக்கு விழா எடுக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்பின் அக்காவுக்கு,

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரை இப்போதைக்குப் போடவில்லை. எங்கள் திட்டம் டொக்டர் ஐயாவுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. எங்கள் ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், வருகிற வருடம் ஓய்வு பெறுகிறார். ஊரோடு சேர்ந்து இடம்பெயர்ந்து, ஊரோடு சேர்ந்தே திரும்பி வந்தவர். சேவை நலன் பாராட்டு விழா ஒன்று செய்வோம் என்று நோயாளர் நலன்புரிச் சங்கத்திலும் சனசமூக நிலையத்திலும் கதைத்தோம். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற ஊராட்கள் காசு அனுப்பத் தயார். பவுண் சங்கிலி, பெரிய மேடை, விழா மலர்ப் புத்தகம் என்று பேச்சு வளர்ந்துகொண்டு போகிறது.

ஆனால் பெடியங்கள் சிலர் கேட்கிறார்கள்: சம்பளம் வாங்கித்தானே வேலை செய்தவர், பிறகு எதற்கு விழா? அந்தக் காசுக்கு ஆஸ்பத்திரிக்கு ஏதாவது சாமான் வாங்கிக் கொடுக்கலாமே? இதைக் கேட்டு வயதானவர்கள் கோபப்படுகிறார்கள். ஐயாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தோம். "உதொண்டும் வேண்டாம்" என்று முடித்துவிட்டார். நாங்கள் என்ன செய்யலாம்? மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை தரவேண்டும்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

விழா எடுங்கள். கட்டாயம் எடுங்கள். எப்படி எடுப்பது என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் பெடியங்களின் கேள்வி. அதற்காக அவர்களைக் கோபிக்க வேண்டாம், கேட்கவேண்டிய கேள்விதான். சம்பளம் வாங்கினார், உண்மை. சம்பளம் வேலைக்கு. ஒரே ஊரில் இருந்ததற்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அரச வைத்தியர்களுக்கு இடமாற்றம் என்று ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது. கஷ்டப் பிரதேசத்தில் குறித்த காலத்தை முடித்தவர் நகரப் பக்கம் கேட்டுப் போகலாம். போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் உத்தியோகம், மேற்படிப்பு, வயதான தாய் தகப்பன் என்று ஆளுக்கொரு நியாயமான காரணம் இருக்கும். உங்கள் ஐயாவுக்கும் அதெல்லாம் இருந்திருக்கும். இருந்தும் இருந்துவிட்டார். அந்த 'இருந்துவிட்டார்' என்பதற்குத்தான் விழா.

சரி, இருந்ததால் ஊருக்கு என்ன கிடைத்தது? நன்றிக்கடன் என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல் இதைக் கொஞ்சம் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நோர்வேயில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப வைத்தியர் பதிவில் இருப்பார். அங்கே பல லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு சில வருடங்களுக்கு முன்பு வெளிவந்தது. ஒரே வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நீண்டகாலம் இருந்தவர்களிடையே இறப்பு சுமார் 25 வீதம் குறைவு. அவசரமாக ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டி வந்ததும் அதேபோல் குறைவு. அதற்கு முன்பு 2018 இல், வெவ்வேறு நாடுகளில் நடந்த 22 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். அவற்றில் 18 இல் இதே போக்குத்தான். புது மருந்தோ, புது மெசினோ இல்லை. வருத்தக்காரரை வைத்தியருக்குத் தெரியும், அவ்வளவுதான். நோர்வேயின் ஒழுங்கு வேறு, எங்கள் ஓ.பி.டி. வரிசை வேறு, இலக்கங்களை அப்படியே இங்கே பொருத்தமுடியாது. ஆனால் அங்கே ஒரு திட்டமாகச் செய்ததை உங்கள் ஐயா தனி ஒருவராக, எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு பங்கருக்கும் ஒரு தறப்பாள் கொட்டிலுக்கும் இடையில் செய்திருக்கிறார்.

தெரிந்திருப்பது என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு நாள், அரிவி வெட்டுக் காலம். மைம்மல் பொழுதில் என் மாமாவைப் புடையன் பாம்பு கடித்துவிட்டது. உழவு மெசின் பெட்டியில் வைக்கோலைப் போட்டு ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சம். அங்கே இருந்த டொக்டர், மாமாவின் கையில் இருந்து கொஞ்ச இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, மேசை ஓரத்தில் நிறுத்திவைத்து மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒருத்தரும் தொடாதேங்கோ, மேசையிலும் முட்டாதேங்கோ" என்றார். இருபது நிமிடம் கழித்து அந்தக் குழாயை ஒரு தரம் சரித்துப் பார்க்கவேண்டும். இரத்தம் கட்டியாகி நின்றால் ஆறுதல். தண்ணீர் மாதிரி ஓடினால் விஷம் உடலில் ஏறி இரத்தத்தின் உறையும் தன்மையைக் கெடுத்துவிட்டது, விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இது சரிவராது, கண்ணாடிதான் வேண்டும். ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் இதுதான் ஆய்வுகூடம். இன்றைக்கும் பாம்புக்கடிக்கு இதைச் செய்கிறார்கள்.

மாமாவின் இரத்தம் ஓடியது. மருந்து இருந்தது. விஷமுறிவு மருந்தை எண்ணி எண்ணி வைத்திருந்த காலம் அது. ஆனால் டொக்டர் உடனே ஏற்றவில்லை. தாதியை, மிஸ்ஸியைக் கூப்பிட்டு அட்ரினலினை ஊசியில் எடுத்துக் கையோடு வைத்திருக்கச் சொன்னார். "இவருக்குச் சின்னனில இருந்தே முட்டு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் இழுப்பு வரலாம்." முட்டு என்றால் ஆஸ்துமா. நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. மாமாவால் அப்போது சொல்ல முடியவில்லை. பதற்றத்தில் எங்கள் யாருக்கும் நினைவிலும் வரவில்லை. முட்டுக்கு மாமா பத்து வருடமாக அவரிடம்தான் மருந்து எடுத்தவர். மருந்து ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இழுப்பு வந்தது. ஊசி தயாராக இருந்தது.

அந்த டொக்டரை விடக் கெட்டிக்காரர் ஒருவர் அன்றைக்குப் புதிதாக வந்து நின்றிருந்தாலும் மாமாவின் முட்டு அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பெடியங்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

வன்னியில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அது ஏன் வந்தது என்று எனக்கு விளங்கும், இருந்தும் சொல்லவேண்டும். வைத்தியர்களை நாங்கள் பேரழிவின் மாதங்களை வைத்துத்தான் நினைக்கிறோம். 2009 இல் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எறிகணை விழுந்து கைவிடப்பட்ட பிறகு, புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களில் சிகிச்சை செய்த டொக்டர் சத்தியமூர்த்தி, டொக்டர் வரதராஜா, டொக்டர் சண்முகராஜா ஆகியோரின் பெயர்கள் உலகத்துக்கே தெரியும். அந்தக் கரையில் இருந்து செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிய நோயாளரும் உறவினரும் 13,000 பேருக்கு மேல். அந்த வைத்தியர்கள் மே மாதம் தடுத்துவைக்கப்பட்டு ஆகஸ்ட் மாதம் பிணையில் வந்தார்கள். அதை நினைக்காமல் இருக்க எங்களால் முடியாது, நினைக்கத்தான் வேண்டும். வவுனியாவில் வைத்தியராக இருந்து, மலையகத்தில் இருந்து அடித்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களைக் காந்தியம் அமைப்பின் மூலம் வன்னி மண்ணில் குடியிருத்திய டொக்டர் இராஜசுந்தரத்தையும் நினைக்கவேண்டும். 1983 யூலை 27 அன்று வெலிக்கடைச் சிறைக்குள் அவரைக் கொன்றார்கள். முப்பத்தைந்து வருடம் ஓர் ஊரில் இருக்கும் பாக்கியம் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் சாதாரண வருடங்கள்? அவற்றை யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? மலேரியாவை எடுங்கள். உங்கள் ஐயா வேலைக்கு வந்த காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றாலே மலேரியா. விரலில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவி, நுணுக்குக்காட்டியில் பார்த்து, கசக்கிற குளோரோகுயின் குளிசையைக் கண் முன்னால் விழுங்க வைப்பார்கள். 1999 இல்கூட நாடு முழுவதும் 260,000 பேருக்கு மேல் மலேரியா கண்டிருந்தது. வடக்கில் அதன் பாரம் மிக அதிகம். 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் உள்நாட்டில் தொற்றிய மலேரியா ஒன்றுகூட இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஒரு மனிதர் வேலைக்கு வந்தபோது இருந்த பெரிய வருத்தம் அவர் ஓய்வு பெறுவதற்குள் இல்லாமல் போயிருக்கிறது. இன்றைக்கு இருபது வயதுப் பிள்ளைகளுக்கு மலேரியாக் குளிர் எப்படி இருக்கும் என்றே தெரியாது. எந்த மேடையிலும் இதைச் சொல்லிப் பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை.

ஆகவே மலரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மலர்கள் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, பணிப்பாளரின் ஆசிச்செய்தி, வாழ்த்துப்பா, பிறகு விளம்பரம். விழா முடிந்த கையோடு யாரும் திறப்பதில்லை. அதை விட்டுவிட்டு ஐயாவிடம் போய் இருந்து கதை கேளுங்கள். போனில் பதிவுசெய்தால் போதும், தனி ஏற்பாடு வேண்டாம். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்து சனம் உங்கள் பக்கம் குவிந்தபோது ஓ.பி.டி.யை எப்படிச் சமாளித்தார்? பாதை பூட்டியிருந்த காலத்தில் இன்சுலினை எதற்குள் வைத்துக் குளிர்ப்படுத்தினார்? எந்தக் குளத்துப் பக்கம் எந்த மாதத்தில் என்ன காய்ச்சல் வரும்? சிறுநீரக வருத்தம் எந்தப் பகுதியில் கூடக் கண்டார், அந்தக் கிணறுகளைப் பற்றி என்ன நினைக்கிறார்? அடுத்து வரப்போகும் வைத்தியருக்கு இது உபயோகமான புத்தகம். ஒன்று மட்டும் கவனம். வருத்தக்காரரின் பெயரையோ வருத்தத்தையோ அவர் சொல்லமாட்டார், நீங்களும் கேட்கவேண்டாம். தங்கள் கதையைத் தாங்களாகவே சொல்ல வருகிறவர்கள் சொல்லட்டும்.

"உதொண்டும் வேண்டாம்" என்று அவர் சொன்னதை நான் மெத்த மதிக்கிறேன். பவுண் சங்கிலியைக் கட்டாயம் விட்டுவிடுங்கள். அரசாங்க உத்தியோகத்தரின் கழுத்தில் ஊர்க் காசில் சங்கிலி போடுவது அவருக்குச் சங்கடம், பார்க்கிறவர்களுக்குக் கதை. அவரிடம் வேறுமாதிரிக் கேட்டுப் பாருங்கள்: "ஐயா, உங்களோடு வேலை செய்த ஆட்களைக் கூப்பிட்டு ஒரு சாப்பாடு கொடுக்கப்போறம், நீங்கள் வரவேணும்." மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். மழைக்குள் சைக்கிள் உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போன குடும்பநல மாது, மருந்து கட்டித் தந்த மருந்துக்கலவையாளர், சிற்றூழியரான ஓடலி, வாசல் கூட்டிய அம்மா எல்லாரும் மேடையில் இருக்கட்டும். ஓய்வு பெற்றுப் போனவர்களைத் தேடிப்பிடியுங்கள். முதல் பேச்சு வருத்தக்காரர் ஒருவருடையது. பிரதம விருந்தினர் என்று அரசியல்வாதி யாரையும் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் விழா அவருடையதாகிவிடும். கிளினிக் நாளில் வைக்காமல் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

காசு விஷயத்தில் பெடியங்கள் பக்கம்தான் நான். ஆனால் சாமான் வாங்குவதற்கு முன் வைத்தியர் தங்கும் குவாட்டர்ஸைப் போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா? கிணற்றுத் தண்ணீர் குடிக்கலாமா? கதவுக்குப் பூட்டு இருக்கிறதா? நாளைக்கு ஒரு பெண் வைத்தியர் தனியாக வந்தால் இரவில் பயமில்லாமல் படுக்கலாமா? 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். இருக்கிறவர்களில் ஒருவர் உங்கள் ஊருக்கு வர ஒத்துக்கொண்டால் முதல் நாள் அவர் பார்க்கப்போவது அந்த வீட்டைத்தான். அரச கட்டடம் என்பதால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையில் அனுமதி எடுத்து, நலன்புரிச் சங்கத்தின் பெயரில் திருத்துங்கள். அதே கையோடு, ஐயா ஓய்வு பெறும் திகதிக்கு முன்பே அந்த இடத்துக்கு ஆள் போடச் சொல்லி ஊராட்கள் கையெழுத்து வைத்து ஒரு கடிதமும் கொடுங்கள். வெற்றிடம் விழுந்த பிறகு கேட்டால் காத்திருக்க வேண்டித்தான் வரும். முடிந்தால் புதியவர் வந்து ஐயாவோடு ஒரு மாதமாவது ஒன்றாக வேலை செய்யவேண்டும். கிளினிக் கொப்பியில் எழுதாத எத்தனையோ விஷயம் அந்த ஒரு மாதத்தில் கைமாறும். உங்கள் விழாவில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மற்றதெல்லாம் உங்கள் வசதிப்படி செய்யுங்கள்.

மலருக்குக் கட்டுரை தருகிறேன், ஒரு பக்கத்துக்கு மேல் வராது. மிச்சப் பக்கங்களை ஊராட்களுக்கு விடுங்கள். கதை கேட்கப் போகும்போது துணைக்கு ஆள் வேண்டும் என்றால் எழுதுங்கள், வருகிறேன். பதிவுகளை எழுத்தில் இறக்குவதற்கும் இங்கே இரண்டு பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா