விமானம் பறப்பது வானத்தில், படகை ஏன் நிறுத்துகிறார்கள்?

கேள்வி: எங்கள் கடற்கரையை ஒட்டி இரண்டு நாள் விமான சாகச நிகழ்ச்சி நடக்கப்போகிறது. என்னிடம் ஏழு மீட்டர் நீள ஃபைபர் படகு இருக்கிறது. குடும்பத்தோடு கடலில் நின்றே பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். கரையோரம் பெரிய பரப்பு ஒன்றைக் குறிப்பிட்டு, காலை முதல் மாலை வரை அங்கே எந்தப் படகும் வரக்கூடாது என்று துறைமுகத்திலிருந்து இப்போது அறிவிப்பு வந்திருக்கிறது. நான்கு மூலைகளுக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் கொடுத்திருக்கிறார்கள். விமானம் மேலே பறக்கிறது; கீழே நங்கூரம் போட்டுச் சும்மா நிற்கிற படகால் யாருக்கு என்ன இடைஞ்சல்? எங்கே நின்றால் பார்க்கலாம்? நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: இடைஞ்சல் விமானிக்குத்தான். உங்களுக்கு ஆபத்து இருப்பதும் உண்மை, ஆனால் அதற்கு அப்புறம் வருவோம்.

சாகசம் செய்யும் விமானத்துக்கென்று நீளமான ஒரு செவ்வகம் ஒதுக்கியிருப்பார்கள். விமானிகள் அதை 'பாக்ஸ்' என்பார்கள். வானம் மட்டும் அந்தக் கணக்கில் வராது, நேர் கீழே இருக்கும் தண்ணீரும் அதில் சேர்த்திதான். நிகழ்ச்சியில் வேலை இல்லாத ஒருவர்கூட அதற்குள் இருக்கக்கூடாது. கூட்டத்துக்கும் விமானம் பறக்கும் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. அமெரிக்க விதிகளில் வேகமான ஜெட்டுகளுக்கு அது குறைந்தது 1,500 அடி, அதாவது சுமார் 457 மீட்டர். மெதுவாகப் பறக்கும் சிறிய விமானங்களுக்கு 500 அடி. ஜெட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்றால், 400 நாட் (மணிக்கு சுமார் 740 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் விமானம் நொடிக்கு 205 மீட்டர் தாண்டிவிடும். அந்த 457 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டே கால் நொடிகூட வேண்டாம். படகில் இருப்பவரும் இந்தக் கணக்கில் பார்வையாளர்தான். கரையில் நிற்பவருக்கு ஒரு தூரம், உங்களுக்கு ஒரு தூரம் என்று கிடையாது.

இந்தத் தூரங்கள் எதற்கு என்பது நடந்த விபத்துகளைப் பார்த்தால் புரியும். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத் தளத்தில் மூன்று சாகச விமானங்கள் மோதிக்கொண்டன. அதில் ஒன்று கூட்டத்துக்குள் விழுந்தது. விமானிகள் மூவர் உட்பட 70 பேர் இறந்தார்கள். 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் விமானக் காட்சியில் ஒரு பழைய ஹாக்கர் ஹன்டர் ஜெட் வளையம் சுற்றி எழ முடியாமல் பக்கத்துச் சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் காட்சி மைதானத்துக்குள் இருந்தவர்கள் இல்லை, எல்லோரும் வெளியே இருந்தவர்கள். உங்கள் கேள்விக்கு இந்த இரண்டாவது விபத்துதான் முக்கியம். கடலோர நிகழ்ச்சியில் அந்தச் சாலையின் இடத்தில் இருப்பது படகுகள் போய்வரும் தண்ணீர். சாலையை அடைப்பது சிரமம், தண்ணீரை அடைத்துவிடலாம். நிகழ்ச்சியைக் கடல்மேல் வைப்பதற்கே பாதிக் காரணம் அதுதான். அங்கேயும் படகுகள் நிறைந்துவிட்டால் கடலுக்குக் கொண்டுபோனதில் பயன் இல்லை.

காலியான தண்ணீருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இன்ஜின் படுத்துவிட்டால் விமானி இறங்கப் பார்ப்பது அங்கேதான். 2021 ஏப்ரல் 17 அன்று ஃப்ளோரிடாவின் கோகோ பீச் நிகழ்ச்சியில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து அவெஞ்சர் விமானம் ஒன்றுக்கு அப்படி ஆனது. கரைக்கு வெகு அருகில், ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், விமானி அதைத் தண்ணீரில் இறக்கினார். அவர் உட்பட யாருக்கும் அடிபடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 4 அன்று இங்கிலாந்தின் போர்ன்மத் விழாவில் பறந்த ஒரு விமானம் பூல் துறைமுகத் தண்ணீரில் இறங்க வேண்டியதாயிற்று. இறக்கைமேல் நின்று சாகசம் காட்டும் பெண்ணும் விமானியும் சிறு காயங்களோடு தப்பினார்கள். இப்படி இறங்கும் விமானிக்கு இடம் தேட நேரம் இருக்காது. கண்ணுக்கு நேரே நீளமாகக் காலித் தண்ணீர் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் எப்போதாவது நடப்பது. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளிலும் உள்ளே நிற்கும் படகு தொல்லை தருவதற்குச் சில காரணங்கள் இருக்கின்றன. தரைமேல் பறக்கும்போது ஓடுபாதை, மரம், கட்டடம் என்று அடையாளம் வைத்துக்கொள்ள நிறைய இருக்கும். கடலில் ஒன்றும் இல்லை. அதனால் செவ்வகத்தின் மூலைகளில் மிதவைகளும், நடு மையத்தில் பளிச்சென்று தெரியும் ஒரு பெரிய படகோ மிதவைத் தளமோ நங்கூரமிட்டு வைப்பார்கள். விமானி எல்லாத் திருப்பங்களையும் அதைப் பார்த்துத்தான் அளக்கிறார். பக்கத்திலேயே உங்கள் வெள்ளைப் படகும் நின்றால், தலைகீழாகப் பறந்துகொண்டே ஒரு கணம் எது எது என்று அவர் தேட வேண்டியிருக்கும். கிரிக்கெட்டில் சைட் ஸ்கிரீன் முன்னால் ஒருவர் குறுக்கே நடந்தால் பேட்ஸ்மேன் கையைக் காட்டி ஆட்டத்தை நிறுத்துவார் இல்லையா, அதே சங்கதி. காற்றில்லாத நாளில் கண்ணாடி மாதிரிக் கிடக்கும் கடல்மேல் உயரத்தைக் கணிப்பதே கடினம். புழுக்கமான மதியத்தில் தொடுவானமும் கரைந்துபோனால் இன்னும் மோசம்.

பாய்மரப் படகாக இருந்தால் மரத்தின் உயரமும் சேர்ந்துகொள்ளும். 15 மீட்டர் மரம் கடலில் சாதாரணம். தாழப் பறக்கும் சில விமானங்கள் தண்ணீரிலிருந்து 30 மீட்டர் உயரம்வரை இறங்கி வரும். மீன்பிடிப் படகு என்றால் பிரச்சினை பறவைகள். வலையை உதறியதும் குடல், கழிவு மீன் என்று தண்ணீரில் விழும். ஐந்து நிமிடத்தில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து சுற்றும். ஜெட் இன்ஜினுக்குள் ஒரு பறவை போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எல்லைக்கு வெளியே நிற்பவர்களும் அன்றைக்கு மீன் அறுத்துக் கழிவைக் கடலில் கொட்டாமல் இருப்பது நல்லது. படகிலிருந்து ட்ரோன் பறக்கவிடும் ஆசை இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒரே ஒரு படகு கோட்டைத் தாண்டினாலும், தரையிலிருந்து நிகழ்ச்சியை நடத்துபவர் ரேடியோவில் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்துவார். ரோந்துப் படகு போய் அந்தப் படகை வெளியே அனுப்பும்வரை விமானங்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். சாகசத்துக்கு ஏற்றிய எரிபொருள் அதில் கரைந்துபோனால் மீதிக் காட்சி ரத்து. கரையில் வெயிலில் காத்திருக்கும் அத்தனை பேரும் யாரைத் திட்டுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அறிவிப்புக்கு வருவோம். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்த அறிவிப்புகளை எழுதுபவர்கள்மேல் எனக்கு ஒரு குறை உண்டு: நான்கு எண்களைக் கொடுத்துவிட்டுப் படம் போடாமல் விட்டுவிடுவார்கள். எண்களைப் பார்த்ததும் அவை எந்த வடிவில் இருக்கின்றன என்று கவனியுங்கள். பாகை (டிகிரி), கலை (மினிட்), விகலை (செகண்ட்) என்று எழுதியிருக்கிறதா? அல்லது கலையைத் தசமத்தில் எழுதியிருக்கிறதா? உதாரணமாக 12 கலை 30 விகலை என்று இருப்பதை ஜிபிஎஸ் கருவியில் 12.30 கலை என்று போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியான எண் 12.50. வித்தியாசம் 0.20 கலை. அட்சரேகையில் ஒரு கலை என்பது ஒரு கடல் மைல், 1,852 மீட்டர். ஆக எல்லைக்கோடு உங்கள் திரையில் 370 மீட்டர் தள்ளிப்போய்விடும். வெளியே நிற்பதாக நினைத்துக்கொண்டு நட்டநடுவில் நிற்பீர்கள். நான்கு புள்ளிகளையும் போட்டு, கோட்டால் இணைத்து, கரையில் தெரிந்த ஓர் இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய ஒத்திகை நாளிலும் தடை இருக்கலாம். ஒத்திகையிலும் அதே விமானங்கள், அதே உயரம், அதே ஆபத்து. முடியும் நேரத்தைக் கடிகாரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மேகம் இறங்கினால் நிகழ்ச்சி தள்ளிப்போகும். தடை நீங்கியது என்று ரேடியோவில் சொன்ன பிறகே உள்ளே போக வேண்டும்.

எங்கே நிற்பது? வெளிப்படையாகச் சொன்னால், கரைதான் நல்ல இடம். சாகசங்கள் எல்லாம் கரையில் இருக்கும் கூட்டத்தைப் பார்த்தபடி அமைக்கப்பட்டவை. கடல் பக்கம் நின்றால் பாதிக் காட்சி முதுகைக் காட்டும். செவ்வகத்தின் இரு முனைகளுக்கு வெளியே நின்றால் தலைக்கு மேலேயே திரும்புவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சத்தம் தாங்காது. படகில்தான் பார்ப்பேன் என்றால், படகுகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கடல்புற எல்லைக்கு வெளியே, தாராளமாகத் தள்ளி நில்லுங்கள். கோட்டை ஒட்டி நங்கூரம் போட்டால் சிக்கல். ஆறு மீட்டர் ஆழம், தண்ணீருக்கு மேல் அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் ஒரு மீட்டர் என்றால், இரண்டையும் கூட்டி அதற்கு ஐந்து மடங்காக 35 மீட்டர் கயிறு விட வேண்டும். காற்றோ நீரோட்டமோ எதிர்ப்பக்கம் திரும்பினால் படகு ஏறக்குறைய 70 மீட்டர் இடம் மாறும். பக்கத்துப் படகுக்காரர் குட்டைக் கயிறு விட்டிருந்தால் அவர் மாறுவது வேறு அளவு, அதனால் இருவரும் முட்டிக்கொள்வீர்கள். கோட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி நிற்பது என் யோசனை.

படகில் ஒருவர் வானத்தைப் பார்க்கக்கூடாது. அவருக்குக் காட்சி கிடையாது. கண் தண்ணீரில், காது விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில். ஜெட் சத்தத்தில் ரேடியோ கேட்காது என்பதால் இயர்போன் இருந்தால் நல்லது. குழந்தைகளுக்குக் காது மறைப்பு அவசியம். எல்லோரும் உட்கார்ந்தபடியே பார்க்கட்டும். ஏழு மீட்டர் படகில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் எழுந்து கை நீட்டினால் படகு சாயும். அதே சமயம் பக்கத்தில் ஓர் அலை வந்தால் யாராவது தண்ணீருக்குள்தான். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை.

என்னைக் கேட்டால், அன்றைக்கு உங்களுக்கு இருக்கும் பெரிய ஆபத்து விமானம் இல்லை, கடைசி விமானம் போன பிறகு வரும் அரைமணி நேரம்தான். எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் இன்ஜினை முடுக்கி ஒரே துறைமுக வாய்க்குள் நுழையப் பார்க்கும். வெயிலில் களைத்தவர்கள், குடித்தவர்கள், இருட்டுவதற்குள் போக வேண்டும் என்கிற அவசரம், குறுக்கும் நெடுக்குமாக அலைகள். ஒரு மணி நேரம் நங்கூரத்திலேயே இருங்கள். சாப்பாட்டை அப்போது பிரித்துக்கொள்ளலாம். விளக்குகள் எரிகின்றனவா என்று புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் ஏதாவது தண்ணீரில் விழுந்தால் அந்தப் பக்கம் பாயாதீர்கள். மீட்புப் படகுகள் அதற்காகவே தயாராக நிற்கும். போர் விமானத்தின் இருக்கையில், விமானியை வெளியே தூக்கி வீசுவதற்கான வெடிக்கும் பொருள் இருக்கிறது. பாராசூட் கயிறு உங்கள் ப்ரொப்பெல்லரில் சுற்றினால் நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வீர்கள். இடத்தைக் குறித்து ரேடியோவில் சொல்லுங்கள். கூப்பிட்டால் போங்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் நங்கூரம், அப்புறம் ரேடியோ, அதற்குப் பிறகுதான் இன்ஜின் மூடியைத் திறப்பது. பலர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ப்ளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் படகு எல்லைக்குள் மிதந்துபோயிருக்கும். 16-ஆம் சேனலில் 'பான்-பான்' என்று மூன்று முறை சொல்லி, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன கோளாறு, எத்தனை பேர் என்பதைச் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் 'மேடே'. ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சியைச் சில நிமிடம் நிறுத்தி உங்களை இழுத்துவருவது அவர்களுக்குப் பெரிய வேலை இல்லை. ரோந்துப் படகு கயிறு வீசும்போது அதை அணியத்தில் கட்டுங்கள், பக்கவாட்டில் கட்டினால் இழுக்கும்போது படகு கவிழும்.